வானத்தில் வளையம் பார்த்தவர்கள்

துறைமுகத்தில் அவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். பருந்து என்றால்தான் திரும்புவார். கப்பலிலிருந்து சரக்குப் பெட்டிகளை இறக்கும் பெரிய கிரேனின் உச்சியில், கண்ணாடிக் கூண்டு ஒன்றில் உட்கார்ந்து, காலடியில் பதித்த கண்ணாடி வழியே கீழே குனிந்து பார்த்தபடியே பாதி ஆயுளைக் கழித்த மனிதர். அங்கிருந்து பார்த்தால் தரையில் நிற்கும் ஆள் தீப்பெட்டி அளவுதான் தெரிவான். அந்த அளவிலும், பெட்டி மறைவில் உட்கார்ந்து டீ குடிப்பவன் யார், ஹெல்மெட்டைக் கழற்றித் தலை சொறிபவன் யார் என்று கண்டுபிடித்து வாக்கி டாக்கியில் ஏலம் போட்டுவிடுவார். அப்படிப்பட்டவருக்குப் பருந்து என்று வைக்காமல் புறா என்றா வைப்பார்கள்?

இத்தனைக்கும் ஆரம்பத்தில் உயரம் என்றாலே அவருக்கு அடிவயிறு கலங்கும். கப்பலின் அடித்தளத்தைக் கூட்டிப் பெருக்கும் வேலையில்தான் முதலில் சேர்ந்தார். ஒருநாள் கிரேன் ஓட்டுநருக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவன் வரவில்லை என்று இவர் கையில் தூக்குச் சட்டியைத் திணித்து ஏணியைக் காட்டிவிட்டார்கள். பாதி ஏணியில் கண்ணை இறுக மூடி, கம்பியைக் கட்டிப்பிடித்து நின்று, கீழே இருந்தவர்கள் எல்லாம் சிரித்த சிரிப்பில் ரோஷம் வந்து மேலே போய்ச் சேர்ந்தார். சேர்ந்தபோது குழம்பில் பாதி சட்டையில் இருந்தது. ஆனால் கூண்டுக்குள் நின்று ஒருமுறை கீழே பார்த்ததும் ஆள் மாறிப்போனார். "அண்ணே, இன்னும் கொஞ்ச நேரம் பாத்துட்டு இறங்கறேனே" என்று கெஞ்சினாராம். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு கடைசிவரை விடவில்லை.

கிரேன்காரர் மேலே இருந்தாலும் அடுக்கிவைத்த பெட்டிகளுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அதற்காகவே கீழே ஒரு சிக்னல்காரர் நிற்பார். தூக்கு, நகர்த்து, மெதுவாக இறக்கு, நிறுத்து என்று கையால் ஜாடை காட்டுவதுதான் அவர் வேலை. எஞ்சின் இரைச்சலில் வாக்கி டாக்கி பாதி நேரம் கரகரக்கும் என்பதால், கைதான் கணக்கு. பருந்துக்குக் கை காட்டியவர் வாயாடி என்றால் அப்படி ஒரு வாயாடி. வேலை நேரம் முழுக்கக் கையால் பேசிய கடுப்பையெல்லாம் ஷிப்ட் முடிந்ததும் வாயால் தீர்த்துக்கொள்வார். அந்த வாயிலிருந்துதான் வீட்டில் ஒரு தங்கை இருப்பதும், அவள் பள்ளிச் சீருடை தைப்பதும், அவளுக்கு மாப்பிள்ளை தேடுவதும் பருந்துக்குத் தெரியவந்தது.

நேரில் கேட்கத் தைரியம் வராமல், மேலிருந்து வாக்கி டாக்கியில் கேட்டார் பருந்து. "உங்க தங்கச்சிக்கு என்னைப் பாக்கலாமா?" துறைமுகமே அதே அலைவரிசையில் இருக்கிறது என்பது அந்த நேரத்தில் மறந்துபோனது. கீழே இரண்டு கைகளும் சட்டென்று உயர்ந்து 'நிறுத்து' என்றன. பருந்துக்கு உயிரே நின்றுவிட்டது. கொஞ்சம் யோசித்தபின் ஒரு கை மட்டும் இறங்கி, விரலைச் சுழற்றி, 'மெதுவா இறக்கு' என்றது. அடுத்த மாதம் கல்யாணம். அன்றிலிருந்து சிக்னல்காரர் மச்சான் ஆனார், பருந்து மாப்ளை ஆனார். நீ வா போ என்று பேசிக்கொள்ளும் இரண்டு பேர், ஒருவர் மேலே, ஒருவர் கீழே. பருந்துக்கு ஒரு மகள் பிறந்தாள், பள்ளிக்கூடம் போனாள். வாழ்க்கை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வெளிச்சம் வந்தது ஒரு இரவு ஷிப்டில். கடல் பக்கம், தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவில், ஆரஞ்சு நிறத்தில் சில விளக்குகள் வரிசையாகத் தொங்கின. சத்தம் இல்லை. அவசரம் இல்லாமல் கீழே இறங்கின, அணைந்தன, மறுபடி மேலே புதிதாக முளைத்தன. பருந்து கொக்கியை நிறுத்திவிட்டு வாக்கி டாக்கியை அழுத்தினார்.

"டேய், எல்லாரும் கடல் பக்கம் வானத்தைப் பாருங்கடா! விளக்கு விளக்கா தொங்குது. ஒவ்வொன்னையும் சுத்தி வளையம் வேற. வானவில்லைச் சுருட்டி மாட்டின மாதிரி!"

கீழே இருந்தவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். விளக்குகள் தெரிந்தன. வளையம் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் பருந்து உயரத்தில் இருக்கிறார், அதுவும் பருந்து. அவருக்குத் தெரிகிறது, நமக்கு எட்டவில்லை என்று ஆளாளுக்கு மனதில் நினைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள்.

வளையம் பருந்துக்குப் புதிது இல்லை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. சில மாதங்களாகவே இரவு ஷிப்டில் துறைமுக விளக்குகளைச் சுற்றி நிற நிறமாக வளையங்கள் பூத்தன. கூடவே இடது புருவத்துக்கு மேலே யாரோ திருகாணி முடுக்குவது போல ஒரு வலி. தூங்கி எழுந்தால் இரண்டும் போய்விடும். கடல் பனி என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். வருடாந்திரக் கண் பரிசோதனை பட்டப்பகலில் நடக்கும். பலகையில் இருக்கும் எழுத்துகளையெல்லாம் மனப்பாடம் ஒப்பிப்பது போலப் படித்துவிட்டு வந்துவிடுவார். கிரேன்காரருக்குக் கண்ணில் கோளாறு என்று ஒரு சொல் கிளம்பினால் போதும், அன்றே இறக்கிவிடுவார்கள். இறக்கியவரைத் திரும்ப ஏற்றியதாகத் துறைமுகத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை. கூண்டு இல்லாத பருந்து என்ன செய்வார்? அதனால் மென்று முழுங்கினார். இருந்தாலும் பயம் உறுத்தியதில், பக்கத்து ஊர் கண் டாக்டரிடம் வேறு பெயரில் ஒருநாள் காட்டிவிட்டு வரலாம் என்று இரகசியமாக ஒரு திட்டம் வைத்திருந்தார்.

வெளிச்சத்தை ஊரே பார்த்திருந்தது. வேறு கிரகத்தவர் என்றார் ஒருவர், எதிரி நாட்டு விமானம் என்றார் இன்னொருவர். அடுத்த வாரம் ராணுவ ஜீப் துறைமுக வாசலில் வந்து நின்றது. விசாரிக்க வந்தவர் ஒரு பெண் கேப்டன். முடியை இறுக்கிக் கட்டி, குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். கேப்டன் அம்மா என்று தொழிலாளிகள் முதல் நாளே பெயர் வைத்துவிட்டார்கள்.

இங்கே துறைமுகத் தொழிலாளிகளின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். விசாரணை என்று யார் வந்தாலும் எல்லோருக்கும் ஒரே வாய். எப்போதோ ஒரு விபத்து விசாரணையில் ஆளாளுக்குத் தான் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லப்போய், அந்தச் சின்னச் சின்ன வித்தியாசங்களைப் பிடித்துக்கொண்டு நிர்வாகம் ஒரு அப்பாவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அந்தச் சூடு பட்டதிலிருந்து, முதலில் கேன்டீனில் கூடுவார்கள், என்ன சொல்வது என்று முடிவு செய்வார்கள், பிறகு பிரம்மாவே வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். அப்படி எத்தனையோ பேர் வேலையைக் காப்பாற்றிய வழக்கம் அது. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

இந்த முறையும் கூடினார்கள். பருந்து மேலே வேலையில் இருந்ததால் அவருக்கு அது தெரியாது. யூனியன் தலைவர் மேசையைத் தட்டினார்.

"பருந்து வளையம்னு சொன்னது கன்ட்ரோல் ரூம்ல பதிவாயிருக்கு. நாம அப்படி ஒன்னும் இல்லேன்னு சொன்னா, அவனுக்குக் கண்ணு கெட்டுப்போச்சுன்னு இறக்கிடுவாங்க. அதனால நாம எல்லாரும் வளையம் பாத்தோம். முடிஞ்சுது."

"எத்தனை வளையம் தலைவரே?" என்று கேட்டார் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்.

"விளக்குக்கு ஒன்னு போதும். பேராசைப்படாதே."

மச்சானும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். எல்லோரையும் போலத் தலையை ஆட்டினார்.

கேப்டன் அம்மாவின் விசாரணை வேறு மாதிரி இருந்தது. ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, கறுப்புக் காகிதத்தையும் கலர் பென்சில் டப்பாவையும் முன்னால் வைத்தார். "வாயால சொல்ல வேண்டாம். பாத்ததை வரைஞ்சு காட்டுங்க." இரும்புச் சங்கிலி இழுத்துக் காய்ப்பேறிய கைகள் கலர் பென்சிலைப் பிடித்துக்கொண்டு முழித்த முழி இருக்கிறதே! ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் டீ கிளாஸைக் கவிழ்த்துவைத்து, அதன் விளிம்பில் பென்சிலை ஓட்டி வளையம் போட்டார். வாட்ச்மேன் வரைந்த வளையத்துக்குள் கடலே முழுகிவிடும் போல இருந்தது. ஒருவர் சிவப்பை உள்ளே போட்டார், ஒருவர் வெளியே போட்டார், ஒருவர் பச்சையோடு நிறுத்திக்கொண்டார்.

பருந்து கடைசியாகப் போனார். தான் பார்த்ததை அப்படியே வரைந்தார். எழும்போது மேசை ஓரத்தில் மற்றவர்கள் வரைந்தவை கண்ணில் பட்டன. எல்லாவற்றிலும் வளையம்!

நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது அவருக்கு. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்றால் கோளாறு வானத்தில்தான், என் கண்ணில் இல்லை. இத்தனை மாதம் பயந்தோமே, வெறும் கடல் பனிதான் என்று அன்றே பக்கத்து ஊர் டாக்டரைக் கைகழுவினார். வீட்டுக்குப் போகும் வழியில் மகளுக்கு ஒரு பெட்டி கலர் பென்சில் வாங்கினார். மனைவி அதிசயமாகப் பார்த்தார். "என்ன, இன்னிக்கு வாயெல்லாம் பல்லா இருக்கு?" என்று கேட்டதற்கு, சும்மா என்றார்.

நண்பர்கள் அவர்மீது வைத்த பாசம் அவருடைய கண்ணுக்கு எமனாக வந்து நின்றது. அது அங்கே ஒருவருக்கும் தெரியாது.

வளையத்தால் ராணுவத்தில் பரபரப்பு கூடிவிட்டது. வெறும் விளக்கு என்றால் பத்துக் காரணம் சொல்லலாம். வளையம் போட்ட விளக்கு என்று ஒரே குரலில் இத்தனை பேர் சொன்னால்? இன்னும் இரண்டு ஜீப் வந்தது. கிடங்கின் கூரையில் ஏதேதோ கருவிகளை நட்டுவைத்தார்கள். கேப்டன் அம்மா பழைய எடைமேடை அறையில் முகாம் போட்டார். தொழிலாளிகளுக்கோ கொண்டாட்டம். ராணுவமே தங்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறது என்று வீட்டில் வாய்கிழியப் பெருமை பேசினார்கள். பொய் ஒன்று இப்படி ஜீப் ஏறி உலாவரும் என்று அவர்கள் நினைக்கவில்லை. இனி எப்படிப் பின்வாங்குவது?

இந்தக் கூத்துக்கு நடுவில் பருந்துக்கு வலி கூடிக்கொண்டே போனது. மாத்திரையை விழுங்கிவிட்டு ஏணி ஏறினார்.

ஒருநாள் காலை, வேலை மும்முரமாக நடக்கும்போது, "பருந்து, இறங்கி வா" என்று கட்டளை வந்தது. ஷிப்டுக்கு நடுவில் கிரேன்காரரைக் கீழே கூப்பிடுவது வழக்கமே இல்லை. இறங்கினார். கீழே மேனேஜரும் கேப்டன் அம்மாவும் நின்றார்கள். கொஞ்சம் தள்ளி மச்சான், தரையைப் பார்த்தபடி.

"வளையம் உங்க ஒருத்தருக்கு மட்டும்தான் தெரிஞ்சிருக்கு" என்றார் கேப்டன். "மத்தவங்க உங்களுக்காகச் சொன்னதாம். உங்களுக்குப் புருவத்துக்கு மேல வலி இருக்குன்னும் சொன்னாங்க. எங்க கண் டாக்டர் பாக்கற வரைக்கும் நீங்க மேல ஏற வேண்டாம்."

பருந்து மச்சானைப் பார்த்தார். "நீயா?"

"நான்தான் மாப்ள. நீ ஷிப்ட் முடிஞ்சு இறங்கி, புருவத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்ததை எத்தனை தடவை பாத்திருக்கேன்..."

"வாயை மூடு. என் முகத்துலயே முழிக்காதே."

சுற்றி நின்றவர்களில் ஒருவர் தரையில் காறித் துப்பினார். ஒரே வாய் என்ற வழக்கத்தை இத்தனை காலத்தில் யாரும் உடைத்ததில்லை. உடைத்தவன் சொந்த மச்சான்.

அன்று வீட்டில் பருந்து ஆடிய ஆட்டத்தைத் தையல் மிஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார் மனைவி. "உங்க அண்ணன் காலை வாரிட்டான், குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்திட்டான், இனி அவன் வாசப்படி மிதிக்கக்கூடாது." எல்லாம் முடிந்தபின் மனைவி நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார்.

"வலின்னு ஒன்னு இருந்துச்சா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

பருந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"இருந்துச்சு. என்கிட்ட சொல்லல. எங்கண்ணன் கீழ நின்னு பாத்துக் கண்டுபிடிக்கணும், கூடவே படுத்து எந்திரிக்கற எனக்குத் தெரியாது. இதுல கோவம் உங்களுக்கு வருதா?"

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஜீப் வந்தது. பருந்து போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். "ராணுவமே வாசல்ல நிக்குது, இவர் போர்வைக்குள்ள பதுங்கறாரு" என்று மனைவி போர்வையை உருவினார். அவரே முதலில் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார். பிறகு இவர் ஏறாமல் என்ன செய்வார்?

விமானிகளின் கண்ணைப் பார்க்கிற டாக்டர் அவர். வழுக்கைத் தலை, கலகலப்பான ஆள். எழுத்துப் பலகை பக்கமே போகவில்லை. விளக்கை அணைத்த அறையில் பருந்தைத் தலை கவிழ்ந்து குனிந்தபடி உட்காரச் சொல்லிவிட்டு வெளியே போனார். இருட்டு, குனிந்த தலை. கூண்டில் இருப்பதைப் போலவே இருந்தது. கொஞ்ச நேரத்தில் திருகாணி மெல்ல இறுக ஆரம்பித்தது. டாக்டர் வந்து கண்ணின் அழுத்தத்தை அளந்தார். கதவைத் திறந்ததும் நடைபாதை விளக்கைச் சுற்றி வளையம் நின்றது.

"தெரியுதா?"

"தெரியுது சார்."

"கண்ணுக்குள்ள தண்ணி சுரக்கும், ஒரு ஓரமா வடிஞ்சு போகும். உங்களுக்கு அந்த வழி பிறவியிலயே குறுகல். இருட்டுல குனிஞ்சு உக்காந்தா அடைச்சுக்குது. நீங்க பாக்கற வேலையே அதுதான். இவ்வளவு நாள் அரைகுறையா அடைச்சு அடைச்சுத் திறந்திருக்கு. என்னிக்காவது ஒரேயடியா அடைச்சிருந்தா, விடியறதுக்குள்ள அந்தக் கண்ணு போயிருக்கும். போனா திரும்ப வராது."

மனைவி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். அவர் அழுது பருந்து பார்த்தது அபூர்வம். "இப்ப?" என்று மட்டும் கேட்டார் பருந்து.

"இப்ப ஒன்னும் ஆகல. சரியான நேரத்துல வந்திருக்கீங்க. லேசர்ல ஒரு சின்ன ஓட்டை போட்டா தண்ணிக்கு வேற வழி கிடைச்சுடும். வெளியில சொட்டு மருந்து போட்டுட்டு உக்காருங்க."

லேசர் சிகிச்சை முடிந்து சாயங்காலம் இருவரும் தெருமுனையில் இறங்கினார்கள். தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. பருந்து அதன் கீழே நின்று, கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருந்து, அண்ணாந்து பார்த்தார். விளக்கு விளக்காக இருந்தது. சுற்றிலும் ஒன்றும் இல்லை. அப்படியே நின்று அழுதார். நன்றி என்பது நெஞ்சுக்குள் இவ்வளவு இடத்தை அடைக்கும் என்று அதுவரை அவருக்குத் தெரியாது. டாக்டருக்கு நன்றி, கேப்டன் அம்மாவுக்கு நன்றி, போர்வையை உருவியவளுக்கு நன்றி. தலைமேல் வந்து தொங்கிய அந்த விளக்குகளுக்கும் நன்றி.

விளக்குகளின் குட்டும் அந்த வாரமே வெளிப்பட்டது. வளையத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தபோது கேப்டனுக்கு வேலை சுலபமாகிவிட்டது. ராணுவத்தின் இன்னொரு பிரிவு நடுக்கடலில் பயிற்சிக்காக, பாராசூட்டில் கட்டிப் போட்ட விளக்குகள் அவை. போட்டவர்கள் இவர்களிடம் சொல்லவில்லை, இவர்கள் அவர்களிடம் கேட்கவில்லை. "எங்க ஆளுங்கதான்" என்று கேப்டன் அம்மா அசடு வழிந்தார். கூரையில் நட்ட கருவிகளைச் சத்தமில்லாமல் பிடுங்கிக்கொண்டு ஜீப்புகள் போய்ச் சேர்ந்தன.

மச்சானிடம் மட்டும் பருந்துக்கு நாக்கு எழவில்லை. முகத்தில் முழிக்காதே என்று ஊரறியக் கத்தியவர், எந்த முகத்தோடு போய் நிற்பது? மச்சானும் வரவில்லை. துறைமுகத்தில் அவரோடு யாரும் டீ குடிப்பதில்லை, பேச்சுக் கொடுப்பதில்லை என்று காதில் விழுந்தது. அந்த வாய்க்கு அதைவிடப் பெரிய தண்டனை இருக்க முடியாது. "மாமா ஏன் வரல?" என்று மகள் கேட்கும்போதெல்லாம் பருந்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேலே ஏறலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த வாரத்தில் தகவல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் யூனியன் கூட்டம். வழக்கத்தை உடைத்ததற்காகச் சிக்னல்காரரை நீக்கப்போகிறார்கள். யூனியனில் இல்லாதவருக்குத் துறைமுகத்தில் வேலை இல்லை.

கேன்டீனில் எள் போட்டால் எள் விழ இடமில்லை. மச்சான் மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தார். மெலிந்துபோயிருந்தார். தலைவர் எழுந்து, "நியாயம் எப்படியோ, வழக்கம்னு ஒன்னு இருக்கு" என்று ஆரம்பித்தார். பருந்து கையைத் தூக்கினார்.

"தலைவரே, முதல்ல ஒன்னு கேக்கணும். அன்னிக்கு நீங்க வளையம் பாத்தீங்களா?"

"அதை இப்ப எதுக்கு..."

"பாத்தீங்களா?"

தலைவர் தொண்டையைச் செருமினார். "இல்லப்பா."

பருந்து ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் பக்கம் திரும்பினார். "நீ?"

"இல்லண்ணே."

"பின்ன அவ்வளவு ரவுண்டா எப்படிப் போட்ட?"

"டீ கிளாஸ்ல போட்டேண்ணே."

யாரோ சிரித்தார்கள். பருந்து சிரிக்கவில்லை. வாட்ச்மேனைக் கேட்டார். இல்லை. அடுத்தவரை, அதற்கடுத்தவரை. இல்லை, இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் அறையில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

"நீங்க எல்லாரும் பாத்தீங்கன்னு நெனச்சுத்தான்டா நான் டாக்டர்கிட்ட போகாம இருந்தேன்" என்றார். "எனக்காகத்தான் சொன்னீங்க. தெரியும். உங்க மேல எனக்குக் கோவமே இல்ல, சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா அப்படியே விட்டிருந்தா இன்னிக்கு உங்க மூஞ்சியெல்லாம் எனக்குத் தெரியாது. இவனை அனுப்பறதா இருந்தா என் கண்ணையும் தோண்டி எடுத்துக்கிட்டு அனுப்புங்க. அது இவன் குடுத்தது."

தலைவர் மேசையைத் தட்டினார். பிறகு, "உடம்பு சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு ஒரே வாய் கிடையாது. இனிமே அப்படித்தான். யாருக்காவது மறுப்பு இருக்கா?" என்றார். யாருக்கும் இல்லை. வாட்ச்மேன் போய் மச்சானுக்கு ஒரு டீ வாங்கிக்கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

மச்சானும் மாப்ளையும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். வெயில் தாழ்ந்திருந்தது.

"கேப்டன் அம்மாகிட்ட போறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மச்சான்."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

பருந்து யோசித்தார். "அடிச்சிருப்பேன்."

"அடிச்சுட்டு மறுபடி மேல ஏறியிருப்ப." மச்சான் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "அது மட்டும் இல்ல மாப்ள. அவங்ககிட்ட போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, ராத்திரி கடைசிப் பெட்டி இறக்கும்போது நிறுத்துன்னு கை காட்டினேன். நீ நிறுத்தல. மறுபடி காட்டினேன். பெட்டி என் தலைக்கு நேரா வந்துச்சு. உருண்டு வெளிய வந்துட்டேன். முட்டிதான் கொஞ்சம் போச்சு."

பருந்து நின்றுவிட்டார். படியில் வழுக்கிவிட்டேன் என்று மச்சான் முட்டியில் கட்டோடு நொண்டியது ஞாபகம் வந்தது. அந்த இரவும் ஞாபகம் வந்தது. மச்சான் நிற்கும் இடத்தில் விளக்கும் வளையமுமாக ஒரே வெளிச்சக் கலங்கல். அதையும் மீறிப் பெட்டியை ஆடாமல் அசையாமல் வைத்துவிட்டோம் என்ற பெருமையில் அவரேதான் வாக்கி டாக்கியில் கேட்டார்: "எப்படி மச்சான், பூ மாதிரி வச்சேனா?" கொஞ்சம் தாமதமாகத்தான் பதில் வந்தது. மூச்சு வாங்கியது. "பூ மாதிரிதான் வச்ச மாப்ள."

"இதைக் கேப்டன்கிட்ட சொன்னியா?"

"பைத்தியமா எனக்கு? வளையத்தைச் சொன்னா கண்ணைப் பாப்பாங்க. இதைச் சொன்னா உன்னை மறுபடி மேல ஏத்தவே மாட்டாங்க. அதனால அளந்துதான் சொன்னேன்."

"எல்லாரும் உன்னைத் துப்பினப்பகூட..."

"அப்ப சொன்னா மட்டும் ஏத்தியிருப்பாங்களா?"

பருந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்தார். அந்தக் கைகளை இழுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். ஒற்றியவர் விடவில்லை. மச்சானின் உள்ளங்கை நனைந்தது.

"விடு மாப்ள, ரோட்டுல எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்" என்றார் பருந்து. பஸ் வந்து நின்று, அவர்களை ஏற்றாமலே போனது.